கல்யாணசுந்தரியின் கட்டைவிரல்

எங்கள் ரேஷன் கடை காலையில் திறக்கவில்லை என்றால் வரிசையில் நிற்கிற எண்பது பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். சர்வர் இல்லை. சர்வர் என்றால் என்ன என்று அந்த எண்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் மூன்று வருஷமாக எங்கள் கடையில் சர்வர் நன்றாகத்தான் இருந்தது. இல்லாமல் போனது கல்யாணசுந்தரியின் வலது கட்டைவிரல் ரேகை.

என் பெயர் கிங்ஸ்லி. குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு ரேஷன் கடையில் அரிசி, பருப்பு, சீனி எடை போட்டுக் கொடுக்கிறேன். சர்க்கார் தாளில் இந்த வேலைக்குக் கட்டுநர் என்று பேர். பில் போடுகிறவர் விற்பனையாளர். அது கல்யாணசுந்தரி. பதினோரு வருஷமாக நான் தராசுக்கு இந்தப் பக்கம், அவள் மேஜைக்கு அந்தப் பக்கம். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். அது போனால்தானே திரும்பி வருவதற்கு.

சுந்தரிக்கு முப்பத்தெட்டு வயசு. பிறந்த ஊர் சிவகிரி. புருஷன் நாகராஜன் வயரிங் வேலை பார்க்கிறான். அவள் கெட்டிக்காரி, அதை யாரும் மறுக்க முடியாது. எங்கள் கடையில் எண்ணூறு கார்டுக்கு மேல் இருக்கிறது. ஆள் தெருமுனையில் திரும்பும்போதே, போன மாசம் பாமாயில் வாங்கினாரா, வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்பதுவரை சொல்லிவிடுவாள். வரிசையில் சண்டை வந்தால் குரலை உயர்த்த மாட்டாள். சண்டை போடுகிற ரெண்டு பேருக்கும் முதலில் பில் போட்டு அனுப்பிவிடுவாள். நானாக இருந்தால் ரெண்டு பேரையும் கடைசியில் கொண்டுபோய் நிறுத்துவேன்.

பில் போடாத நேரத்தில் அவள் கை ரெண்டும் மேஜைக்குக் கீழே இருக்கும். போன் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். விரல் நுனியில் எப்போதும் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். கேட்டால், "சாக்கு கீறிட்டு அண்ணாச்சி" என்பாள். சாக்குத் தூக்குகிறவன் நான். கீறினால் என்னையல்லவா கீற வேண்டும்? சாயந்தரம் கடையைப் பெருக்குகிறவனும் நான்தான். அவள் மேஜைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்கு கிடக்கும். பருப்புத் தோல் என்று நினைத்து வாரிக் கொட்டுவேன். எங்கள் கடைக்கு வருவது தோல் நீக்கிய துவரம்பருப்பு. அதில் தோலே கிடையாது. பதினோரு வருஷம் இது என் மண்டையில் உறைக்கவில்லை.

கைரேகை மெஷின் வந்த பிறகுதான் வினை. காலையில் விற்பனையாளர் தன் விரலை அதில் வைக்க வேண்டும். ரேகை ஒத்துப்போனால் மெஷின் கண் விழிக்கும், பில் போடலாம். பதிவு செய்த அன்று சுந்தரியின் வலது கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த ரெண்டில் ஒன்று பதிய வேண்டும். இல்லையென்றால் கதவு திறந்திருந்தும் கடை பூட்டின மாதிரிதான்.

"தலையில தேச்சிட்டு வையி தாயி," என்பார் சொக்கம்மாள். எழுபது வயசு. எந்த மாசமும் வரிசையில் முதல் ஆள், சீனிக்காக வருகிறவர். தலையில் தேய்த்தால் எண்ணெய்ப் பசை ஏறி ரேகை நன்றாக விழும் என்பது எங்கள் பக்கத்து விஞ்ஞானம். சுந்தரி தலையில் தேய்ப்பாள். விழாது. சேலையில் துடைப்பாள். விழாது. ஒருவர் வெந்நீர் கொண்டுவருவார், ஒருவர் விபூதி பூசிப் பார்க்கச் சொல்வார். சில நாள் பத்தரை மணிக்குத் திறக்கும், சில நாள் திறக்கவே திறக்காது. "சர்வர் இல்ல," என்று சுந்தரி மெதுவாகச் சொல்வாள். எண்பது பேரும் நம்பி, சர்வரின் அம்மா அக்காளையெல்லாம் இழுத்து வைத்துத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

இதற்கு முடிவு கட்ட எங்கள் தெரு ஞானசம்பந்தம் கிளம்பினார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வாரம் ஒரு மனு எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, எங்கள் பகுதிக்கு நல்ல சர்வர் வேண்டும் என்று திங்கள்கிழமை மனு நாளில் கொண்டுபோய்க் கொடுத்தார். நூற்றுப் பன்னிரண்டில் ஒரு கையெழுத்து என்னுடையது. இன்னொன்று சுந்தரியுடையது. கேட்டுவிட்டால் போடாமல் இருக்க முடியுமா?

நாலு மாசத்தில் மனு பலித்துவிட்டது. கடை மாடியில் புதுசாக ஆன்டெனா நட்டார்கள். புது மெஷின் வந்தது. அதைப் பொருத்த வந்த ஆள் தன் விரலை வைத்துச் சோதித்தார், பச்சை விளக்கு எரிந்தது. சுந்தரி வைத்தாள், சிவப்பு. அவர் அவள் கட்டைவிரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லக்கா. உங்க விரல்லதான் ரேகை இல்ல. வேற விரலப் பதிஞ்சிக்கிடலாம். ஆபீசருக்கு ஒரு லெட்டர் எழுதணும், அவ்வளவுதான்."

"லெட்டர்ல என்ன எழுதணும்?" என்றாள் சுந்தரி.

"ரேகை ஏன் அழிஞ்சிச்சுன்னு காரணம் எழுதணும். தோல் வியாதின்னா டாக்டர் சர்ட்டிபிகேட் வைக்கணும்."

"வேண்டாம். தானா வளந்துரும்," என்று கையை இழுத்துக்கொண்டாள்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். அவள் மேல் இல்லை, அந்த ஆள் மேல். "ஏலே, நெதம் அம்பது மூட தூக்குத எனக்கே ரேகை இருக்கு. உக்காந்து எழுதுத பிள்ளைக்கு இல்லாமப் போயிருமோ? ஒஞ் சவத்து மெஷின எடுத்துட்டுப் போல!" என்று கத்திவிட்டேன். உலகத்தில் ஒருத்தன் உண்மையைச் சொன்னான், அவனையும் நான் விரட்டிவிட்டேன்.

சுந்தரி வீட்டில் வேறு மாதிரி ஆராய்ச்சி நடந்தது. நாகராஜன் நல்லவன். பெண்டாட்டி விரலைப் பார்த்துவிட்டு ஒரு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனான். அவர் பார்த்த மாத்திரத்தில் இது கரப்பான் படை என்றார். கத்திரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது. அவளுக்கு மட்டும் விலக்கினால் அவள் மனசு சங்கடப்படும் என்று வீட்டிலேயே ரெண்டையும் நிறுத்திவிட்டான். ரெண்டு வருஷம் அந்த மனுஷன் கருவாட்டு வாசனையைப் பக்கத்து வீட்டிலிருந்துதான் மோந்தான். ஆய்க்குடி முருகனுக்கு வெள்ளியில் விரல் செய்து போடுவதாக நேர்ந்துகொண்டான். கடையில் விரல் தனியாகக் கிடையாது, கையாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். முழுக் கையாகவே வாங்கிப் போட்டான். இது எல்லாவற்றுக்கும் மேலே, மூலிகைத் தண்ணீர் பட்டால் எப்பேர்ப்பட்ட தோல் வியாதியும் ஓடிவிடும் என்று லீவு நாள்தோறும் அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அங்கேதான் நான் பார்த்தேன். ஆடி மாசம், நல்ல சாரல். என் மச்சினன் குடும்பம் வந்திருந்தது, ஐந்தருவிக்குக் கூட்டிப் போயிருந்தேன். குளித்து முடித்து வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்தால், ஒரு கட்டைச் சுவரில் சுந்தரி ஈரத்தலையோடு உட்கார்ந்திருக்கிறாள். நாகராஜன் தள்ளிப்போய் மங்குஸ்தானுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறான். ஒரு மணி நேரம் அருவியில் நின்ற விரல் எப்படி இருக்கும்? வெளுத்து ஊறிப் போயிருக்கும். அவள் வலது கட்டைவிரலின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துக் கிளப்பி, ஆரஞ்சுப் பழம் உரிக்கிற மாதிரி, நுனித் தோலை நிதானமாக உரித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லை. கண் எங்கேயோ நிலைத்திருந்தது. நான் ரெண்டு முழம் தள்ளி நிற்பதுகூடத் தெரியவில்லை.

"ஏம்மா! என்ன செய்யுத நீ?"

பதறிப் போய்க் கையை ஈரத் துண்டுக்குள் செருகினாள். துண்டில் ரத்தம் ஊறியது. லீவு கழிந்த மறுநாள் காலைகளில் மெஷின் ஏன் திறப்பதில்லை என்று அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அவனும் பெட்ரோல் போட்டுக் கூட்டிவந்து, ஊறவைத்துக் கொடுத்திருக்கிறான்.

"நாகராஜனுக்குத் தெரியுமா?"

"அவுக கரப்பான்னு நெனைக்காவ."

"எத்தன நாளா இந்தக் கூத்து?"

"ஒம்பதாங் கிளாஸ்ல இருந்து. கணக்குப் பரீட்சைக்குப் படிக்கும்போது ஆரம்பிச்சது."

"வலிக்கலயா?"

"வலிக்கும் அண்ணாச்சி. ஆனா பிய்க்கும்போது ஒரு நிமிசம் மண்டைக்குள்ள ஒரு சத்தமும் இருக்காது. பொறவு ரத்தத்தப் பாத்ததும் என்னய எனக்கே பிடிக்காது."

"அப்பம் நிறுத்த வேண்டியதுதான!" என்றேன்.

"அதத்தான் இருவத்தி நாலு வருசமா செய்யுதேன்," என்றாள்.

அதற்குள் நாகராஜன் பழத்தோடு வந்துவிட்டான். எனக்கும் ரெண்டு கொடுத்தான். அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நாலு கத்திரிக்காயை வாங்கித் தின்னும் வேய் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டாலும் ஊர் மூடவில்லை. நல்ல சர்வர் வந்த பிறகும் கடை திறக்கவில்லை என்றதும் ஞானசம்பந்தத்துக்கு மூளை வேலை செய்தது. ரெண்டாவது மனு எழுதினார். கடை திறக்காத நாளில் எல்லாம் அரிசி புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிறது, விற்பனையாளர் வேண்டுமென்றே விரலைப் பதிய விடாமல் செய்கிறார் என்று. அந்த மனுவுக்கும் நூறு கையெழுத்து விழுந்தது. அடுத்த மாசம் இருபதாம் தேதி ஆபீசர் நேரில் வந்து விசாரிப்பார், குற்றம் உறுதியானால் வேலை போகும் என்று கடிதம் வந்துவிட்டது.

"காரணத்த எழுதிக் குடுத்துரும்மா," என்றேன். "ஒனக்கு எழுதத் தெரியாதா?"

"முடியாது அண்ணாச்சி. திருடின்னே சொல்லிட்டுப் போட்டும்."

"கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? வேல போயிரும்ட்டி!"

"திருடுனா ஏன் திருடுனான்னு ஊருக்குத் தெரியும். வறுமைன்னு சொல்லுவாங்க, ஆசைன்னு சொல்லுவாங்க. இத ஏன் செய்யுதன்னு கேட்டா என்ன சொல்ல? எனக்கே தெரியாது. பைத்தியம்னுதான் சொல்லுவாங்க."

ரெண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அவளுக்கு ஒன்றும் நஷ்டமில்லை, எனக்குத்தான் கத்த ஆளில்லாமல் போயிற்று. மூன்றாம் நாள் சஃப்ரின் பச்சரிசி வாங்க வந்தாள். எங்கள் கடைக் கார்டுதான். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் ஆலோசகராக இருக்கிற பெண். அவளைத் தனியாக ஓரங்கட்டி, எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது என்று சுற்றி வளைத்து ஆரம்பித்தேன்.

"சுந்தரி அக்காவுக்குத்தானே?" என்றாள் சஃப்ரின். "ரெண்டு வருசமா அவங்க கையப் பாத்துட்டுதான் இருக்கேன். நானாக் கேட்டா கடைய விட்டே ஓடிருவாங்கன்னு பயமா இருந்துச்சு. வரச் சொல்லுங்க அண்ணாச்சி. பதியாத விரலுக்கும் எங்ககிட்ட டோக்கன் உண்டு."

சுந்தரியைக் கிளப்புவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆஸ்பத்திரியில் தன் பேரைக் கூப்பிடக் கூடாது என்று ஒரே பிடிவாதம். சரி, சவம் போகட்டும் என்று என் பேரில் டோக்கன் போட்டேன். "கிங்ஸ்லி! கிங்ஸ்லி யாரு?" என்று நர்சம்மா வராந்தா முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார். வராந்தாவில் எங்கள் சபைக்காரர் ஒருவர் வேறு வேலையாக நின்றிருக்கிறார். கிங்ஸ்லியின் கோபத்துக்குக் கடைசியில் வைத்தியம் ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்பே செய்தி பரவிவிட்டது. என் வீட்டுக்காரி மறுக்கவில்லை. அன்றைக்கு மட்டன் எடுத்தாள்.

உள்ளே சஃப்ரின் சொன்னதை என் காதாலேயே கேட்டேன், சுந்தரிதான் என்னை வெளியே போக விடவில்லை. இது பைத்தியம் இல்லை. மனசில் உறுதி இல்லாததும் இல்லை. தலைமுடியைப் பிடுங்குகிறவர்கள் உண்டு, இமைமயிரைப் பிடுங்குகிறவர்கள் உண்டு, தோலைப் பிய்க்கிறவர்கள் உண்டு. எல்லாம் ஒரே வகை. சிலர் தெரியாமலே செய்வார்கள், சிலர் தாங்க முடியாமல் செய்வார்கள், பாதிப் பேர் ரெண்டு விதமாகவும் செய்வார்கள். நூற்றில் ரெண்டு மூன்று பேருக்காவது இருக்கும். வெளியே சொல்லாததால் ஒவ்வொருத்தரும் உலகத்தில் தான் ஒருத்தர்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

"நான் ஒருத்திதான்னு நெனச்சேன்," என்றாள் சுந்தரி.

அப்புறம் வேலை ஆரம்பித்தது. முதல் வாரம் நிறுத்தச் சொல்லவே இல்லை. எந்த நேரம், எந்த இடம், எந்த விரல், அப்போது மனசில் என்ன என்று எழுதி வரச் சொன்னாள் சஃப்ரின். அவ்வளவுதான். சுந்தரி எழுதினாள், எழுதியதைப் பார்த்து அவளே அசந்து போனாள். வரிசையில் சண்டை நடக்கும்போது ஒரு தடவைகூட இல்லை. கூட்டம் கலைந்து மேஜையில் சும்மா உட்காரும்போதுதான். பஸ்ஸில் ஜன்னலோரம். நாத்தனார் போனில் பேசும்போது. விரலில் ஒரு சின்னப் பிசிறு தட்டுப்பட்டால் போதும், அதைச் சமன் பண்ணுகிறேன் என்று ஆரம்பிக்கும், அரை மணி நேரம் போய்விடும்.

பிசிறு தட்டுப்படாமல் இருக்கக் காலையிலும் சாயந்தரமும் விரலில் வாஸ்லின் தடவச் சொன்னாள். பஸ்ஸில் விரல் நுனிக்கு டேப். கை தானாக விரலுக்குப் போகிறது என்று தெரிந்த உடனே ரெண்டு கையையும் இறுக்க மூடி, அந்த நமைச்சல் அடங்குகிறவரை ஒரு நிமிஷம் வைத்திருக்க வேண்டும். அருவிக்குப் போகலாம், குளித்ததும் கையைத் துடைத்து உடனே உறை மாட்டிவிட வேண்டும். கைக்கு வேறு ருசியான வேலை ஏதாவது உண்டா என்று சஃப்ரின் கேட்டாள். சுந்தரி யோசித்துவிட்டு, சாக்கு பிரிப்பது என்றாள்.

அது சரியான பேச்சு. சாக்கு வாயில் சங்கிலித் தையல் போட்டிருக்கும். சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் ஒரே மூச்சில் சர்ரென்று முழுத் தையலும் கையோடு வந்துவிடும். பிடிக்கத் தெரியாதவன் ஒரு மணி நேரம் பிய்த்துக்கொண்டிருப்பான். பதினோரு வருஷமாக அது என் வேலை. அன்றிலிருந்து அவளுக்கு விட்டுக் கொடுத்தேன். சின்னச் சந்தோஷம்தான், இருந்தாலும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள் சஃப்ரின். கை மேஜைக்குக் கீழே போவதைப் பார்த்தால் அதட்டக் கூடாது, "கைய எடு" என்று சொல்லவே கூடாது. மெதுவாக ஞாபகப்படுத்த வேண்டும். மெதுவாக என்பது எனக்கு வராத காரியம். அதனால் "சாக்கு!" என்று சொல்வதென்று முடிவு செய்தோம். ரேஷன் கடையில் சாக்கு என்று கத்தினால் யாருக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது? முதல் வாரம் ஒரு நாளைக்கு முப்பது தடவை கத்தினேன். பிறகு இருபது. பிறகு ஏழு எட்டு. நாலு வாரத்தில் இடது மோதிரவிரலிலும் சுண்டுவிரலிலும் சுத்தமான ரேகை வந்துவிட்டது. வலது கட்டைவிரலில்கூட மெல்லிசாகக் கோடு தெரிந்தது. சுந்தரி அதை எனக்குக் காட்டினாள், பிறந்த பிள்ளையைக் காட்டுகிற மாதிரி. இப்படி ஆரம்பித்து ஒரேயடியாக நின்றுவிட்டது என்று சொன்னால் நானும் மனு எழுதுகிற ஜாதியில் சேர்ந்துவிடுவேன். அது நிற்கவில்லை. இன்றைக்கும் சில நாள் "சாக்கு" சொல்லத்தான் செய்கிறேன்.

இருபதாம் தேதி வந்தது. காலையில் சுந்தரி கடைக்குள் நுழைந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் டேப் போட மறந்திருக்கிறாள். வலது கட்டைவிரலும் பக்கத்து விரலும் பச்சைப் புண். நாலு வாரப் பாடு இருபது நிமிஷத்தில் போயிருந்தது.

"போச்சு அண்ணாச்சி," என்றாள்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவளைப் பார்த்ததும் முடியவில்லை. "எட்டு விரல் இருக்குல்லா," என்று மட்டும் சொன்னேன்.

ஒன்பது மணிக்கு ஆபீசரம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். வரிசையில் அன்றைக்கு நூற்றைம்பது பேர். சீனி வாங்கப் பாதி, வேடிக்கை பார்க்க மீதி. முதல் ஆள் சொக்கம்மாள். ஞானசம்பந்தம் மனுவின் நகலோடு நடுவில் நின்றார். நாகராஜனும் வேலைக்குப் போகாமல் வந்து, வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

ஆபீசரம்மா சரக்கையெல்லாம் பார்த்தார். அரிசியில் ஒரு குறையும் இல்லை. பிறகு சுந்தரியை உள்ளே கூப்பிட்டு விரலை வைக்கச் சொன்னார். சிவப்பு. இன்னொரு தடவை. சிவப்பு. வெளியே வரிசையில் வழக்கம்போல, "சர்வர் இல்லம்மா! சர்வரு!" என்று குரல் கிளம்பியது. ஆபீசரம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இங்க பாரும்மா," என்றார் தணிந்த குரலில். "சரக்கு சரியா இருக்கு. மனு பொய்யின்னு நான் எழுதிருதேன். விரல மாத்தத்தான ஒரு காரணம் வேணும்? அலர்ஜின்னு ஒரு வரி எழுதிக் குடு. சர்ட்டிபிகேட்டெல்லாம் நான் கேக்கல. முடிஞ்சுது."

எனக்கு அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. வேலையும் தப்பியது, மானமும் தப்பியது. ஒரு வார்த்தை, அலர்ஜி. எழுதும்மா, எழுது என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். சுந்தரி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். அனுப்புநர், பெறுநர் எல்லாம் முறையாகப் போட்டாள். பொருள் என்று எழுதிவிட்டு நிறுத்தினாள். அவள் இடது கை தானாக வலது கைக்கு வந்தது. நான் "சாக்கு" என்று வாயைத் திறப்பதற்குள், அவளே ரெண்டு கையையும் மூடி மேஜை மேல் வைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் அப்படியே இருந்தாள். பிறகு கடகடவென்று எழுதி ஆபீசரம்மாவிடம் நீட்டினாள்.

அவர் வாசித்தார். முகம் மாறியது. "இது வேண்டாமேம்மா. மனுதாரருக்கு இதோட நகல் போவும். நாளைக்கு ஊருக்கே தெரிஞ்சிரும்."

"நாளைக்கு எதுக்கும்மா?" என்றாள் சுந்தரி. "நானே வாசிச்சிருதேன்."

தாளை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். குரல் கடைசி ஆள்வரை கேட்டது.

"பொருள்: வலது கட்டைவிரலுக்குப் பதிலாக இடது மோதிரவிரலைப் பதிவு செய்யக் கோருதல். அம்மா, பதினாலு வயது முதல் என் விரல் தோலை நானே பிய்க்கும் பழக்கம் எனக்கு இருக்கிறது. இது ஒரு நோய். மனநலப் பிரிவில் சிகிச்சை எடுத்து வருகிறேன். இதனால்தான் பல நாட்கள் கடை திறக்கவில்லை. இதை மறைத்தது என் தவறு. சர்வரில் பழுது எதுவும் இல்லை. இப்படிக்கு, க. கல்யாணசுந்தரி."

ஞானசம்பந்தம் மனுவை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், அதற்குமேல் மடிக்க முடியவில்லை. நாகராஜன் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டி மேல் வைத்தான். அவளைப் பார்த்தான். பிறகு போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டான். இப்போது எவன் என்ன சொன்னாலும் அடித்துவிடுவது என்று நான் தராசைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாயைத் திறந்தது சொக்கம்மாள்.

"இம்புட்டுத்தானா?" என்றார். "ஏட்டி, இதுக்கா மூணு வருசம் என்னய வெயில்ல காயப் போட்ட? மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? வேற வெரல வச்சுத் தொற, சீனியப் போடு. எனக்குக் காலு கடுக்குது."

வரிசையில் யாரோ, "ஆமா, பில்லப் போடுங்கக்கா, பஸ்ஸு போயிரும்," என்றார்கள். பின்னாலிருந்து நாலு பேர் தள்ள ஆரம்பித்தார்கள். கார்டுகள் மேஜைக்கு நீண்டன. அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை.

சுந்தரி முதலில் சிரித்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். இருபத்து நாலு வருஷம் பெற்ற தாயிடமும் கட்டின புருஷனிடமும் சொல்லாமல் சுமந்தது, ஒரு கிழவியின் கால்வலிக்கு முன்னால் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. பயந்த அளவுக்கு அதற்குள் ஒன்றுமே இல்லையே என்றுதான் அழுதாள், எனக்குத் தெரியும். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அரிசித் தூசி என்று யாரும் கேட்காமலே சொன்னேன்.

ஆபீசரம்மா கையெழுத்துப் போட்டு, மெஷினில் புது விரலைப் பதிய வைத்தார். சுந்தரி இடது மோதிரவிரலை மெஷினில் வைத்தாள். பச்சை எரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொக்கம்மாளின் கார்டை வாங்கி பில் போட்டாள்.

"அண்ணாச்சி, ஆச்சிக்கு சீனி ரெண்டு கிலோ," என்றாள்.